கச்சேரி மிக்ஸுக்கு எட்டு ஃபேடர்: ரீப்பரோடு பெஹ்ரிங்கர் எக்ஸ்-டச்

இரண்டரை மணி நேரக் கச்சேரியை மவுஸை மட்டும் வைத்துக்கொண்டு மிக்ஸ் செய்தவர்களுக்கு என் வலது மணிக்கட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பாடகர் ஆலாபனையில் கண்ணை மூடிக்கொண்டு மைக்கை விட்டு ஒரு முழம் விலகுவார். அடுத்த சங்கதியில் அப்படியே மைக் மேல் வந்து விழுவார். இரண்டுக்கும் நடுவில் குரலின் அளவை நாம்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் தானாகக் குறைக்கும் கம்ப்ரஸரைப் போட்டு அழுத்தினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கமகம் செத்துப் போகும். அதனால் வால்யூம் கோட்டில் புள்ளி வைத்து, இழுத்து, கேட்டு, மறுபடி இழுத்து, எட்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு தோடி ஆலாபனைக்கு மட்டும் நூறு புள்ளிக்கு மேல் வைத்த ராத்திரி உண்டு.

போன மார்கழியில் வந்த பணத்தை ஒதுக்கி வைத்து, தை பிறந்ததும் பெஹ்ரிங்கர் எக்ஸ்-டச் வாங்கினேன். ஃபேடர்கள், அதாவது ஒலியளவை ஏற்றி இறக்கத் தள்ளும் கட்டைகள், உள்ள பெட்டி இது. இப்போது பத்து மாதம் ஆகிறது. திருச்சியில் வீட்டு மாடியில் ஒற்றை அறை வைத்து, சின்ன சபாக் கச்சேரிகள், அரங்கேற்றங்கள், கோயில் உற்சவப் பதிவுகள் செய்கிறவள் நான். பதிவுக்கும் மிக்ஸுக்கும் மென்பொருள் ரீப்பர். இந்தப் பெட்டியை ரீப்பரோடு சேர்த்து வைக்க நான் பட்ட பாட்டையும், சேர்ந்த பிறகு கிடைத்த சுகத்தையும் எழுதுகிறேன். இதே வேலை செய்கிறவர்கள் வாங்கலாமா வேண்டாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பார்க்க மிக்ஸர் மாதிரி இருந்தாலும் இது மிக்ஸர் இல்லை. இதன் வழியாக ஒரு சொட்டு ஒலிகூடப் போகாது. மைக் செருக இடம் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மிக்ஸரின் கைப்பிடிகள் வெளியே வந்து மேசை மேல் உட்கார்ந்தால் எப்படியோ, அதுதான் இது. மைக்கின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற கருவி தனியாக வேண்டும். இதை வாங்கினால் ஒலித்தரம் கூடும் என்று நினைத்து ஒருவர் என்னிடம் விலை கேட்டார். கூடாது. உங்கள் கைக்கு வேலை சுலபமாகும், அதனால் நீங்கள் செய்யும் முடிவுகள் மேம்படும். அவ்வளவுதான்.

ஒன்பது மோட்டார் ஃபேடர்கள், ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டர் நீளம். எட்டு சேனலுக்கு எட்டு, கடைசியில் மாஸ்டருக்கு ஒன்று. சேனலுக்கு ஒரு சுழல் குமிழ், அதைச் சுற்றி விளக்கு வளையம். ஒவ்வொரு சேனலுக்கும் ட்ராக் பெயரைக் காட்ட ஒரு குட்டித் திரை. வலது பக்கம் பிளே, ஸ்டாப், ரெக்கார்டு, பெரிய ஜாக் சக்கரம். விளக்கு எரியும் பொத்தான்கள் மொத்தம் 92. பின்னால் யூஎஸ்பி, மிடி (இசைக் கருவிகளும் கம்ப்யூட்டரும் செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளும் முறை), ஈதர்நெட், காலால் அழுத்தும் ஸ்விட்சுக்கு இடம். அந்த 92 பொத்தான்களில் நான் தினமும் தொடுவது இருபதுக்குள் அடங்கும். பொத்தானுக்காக இதை வாங்க வேண்டாம். ஃபேடருக்காக வாங்கலாம்.

இப்போது இணைப்பு வேலை.

முதல் சேனலின் செலக்ட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவர் போட்டால் குட்டித் திரைகளில் அமைப்புப் பக்கம் வரும். முதல் குமிழைத் திருப்பினால் பெட்டி எந்த முறையில் பேச வேண்டும் என்பது மாறும். இரண்டாவது குமிழைத் திருப்பினால் எந்த வழியில் பேச வேண்டும் என்பது மாறும். ரீப்பருக்கு முறை எம்சி, வழி யூஎஸ்பி. மறுபடி செலக்ட்டை அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். விண்டோஸுக்கு இதற்கென்று தனியாக டிரைவர் போட வேண்டியதில்லை.

எம்சி என்றால் மேக்கி கன்ட்ரோல். பெஹ்ரிங்கர் பெட்டிக்குள் மேக்கி என்ற இன்னொரு நிறுவனத்தின் பெயர் எதற்கு என்று எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. லாஜிக் என்ற இசைப்பதிவு மென்பொருளைச் செய்த ஜெர்மனியின் எமாஜிக் நிறுவனத்தோடு சேர்ந்து மேக்கி ஒரு ஃபேடர் பெட்டி செய்தது. அதன் பெயர் லாஜிக் கன்ட்ரோல். 2002இல் எமாஜிக்கை ஆப்பிள் வாங்கிக்கொண்டது. பெட்டிக்கும் மென்பொருளுக்கும் நடுவே அவர்கள் வகுத்த பேச்சுமுறை மட்டும் மேக்கி கன்ட்ரோல் என்ற பெயரில் எல்லாருக்கும் பொதுவாகிப் போனது. இன்றைக்கு கியூபேஸ், ரீப்பர், ஏபிள்டன் லைவ், ஸ்டூடியோ ஒன் என்ற பதிவு மென்பொருள்கள் எல்லாமே அதைப் புரிந்துகொள்ளும். புரோ டூல்ஸ் மட்டும் அதற்கும் முந்தைய ஹூயி முறையைக் கேட்கும். நீங்கள் புரோ டூல்ஸ் ஆள் என்றால் அமைப்புப் பக்கத்தில் ஹூயியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முறை மாறிப் போனால் பாதி பொத்தான் வேலை செய்யும், பாதி செய்யாது. பெட்டி பழுது என்று தோன்றும். பழுது இல்லை.

ரீப்பரில் கன்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்தினால் பிரிஃபரன்ஸஸ் திறக்கும். இடது பட்டியலில் அடியில் கன்ட்ரோல், ஓஎஸ்சி, வெப் என்று ஒரு பகுதி இருக்கும். ஆட் கொடுத்து மேக்கி கன்ட்ரோல் யூனிவர்சலைத் தேர்ந்தெடுங்கள். மிடி இன்புட் என்ற இடத்தில் எக்ஸ்-டச்சைக் காட்டினேன். ஓகே கொடுத்தேன். முதல் ஃபேடரைத் தள்ளினேன். திரையில் குரல் ட்ராக்கின் ஃபேடர் கூடவே ஏறியது. சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிஷம் நீடித்தது. மவுஸால் திரையில் உள்ள ஃபேடரை இழுத்தால் பெட்டியில் ஃபேடர் அசையவில்லை. குட்டித் திரைகளில் பெயர் வரவில்லை. மியூட் அழுத்தினால் ட்ராக் மியூட் ஆகிறது, பொத்தானில் விளக்கு எரியவில்லை. மோட்டார் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். "அனுப்பி வைங்க மேடம், பார்க்கலாம்" என்றார்கள். பார்த்துத் திருப்பித் தர எத்தனை நாள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அட்டைப் பெட்டியை மறுபடி எடுத்து, தெர்மாகோலை அடுக்கி, பாதி மூடியும் விட்டேன்.

உதவிக்கு வரும் தம்பிதான் நிறுத்தினான். "அக்கா, நாம சொல்றது அதுக்குக் கேக்குது. அது சொல்றது நமக்குக் கேக்குது. ரீப்பர் சொல்றது அதுக்குக் கேக்குதா?" என்றான். பிரிஃபரன்ஸஸுக்குப் போய்ப் பார்த்தால் மிடி இன்புட்டுக்கு அடுத்த வரியிலேயே மிடி அவுட்புட். அங்கே எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டிருக்கிறேன். எக்ஸ்-டச்சைக் காட்டி ஓகே கொடுத்த மறு நொடி, ஒன்பது ஃபேடரும் 'சர்ர்' என்று ஒரே நேரத்தில் எழுந்து அவரவர் இடத்தில் போய் நின்றன. நான் நாற்காலியோடு பின்னால் போனேன்.

இந்தப் பெட்டிகளைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். சாதாரண மிடி கீபோர்டு பேசும், கேட்காது. அதற்கு இன்புட் ஒன்று போதும். ஃபேடர் பெட்டிக்குக் காதும் வேண்டும். மோட்டார், விளக்கு, திரை, மீட்டர் எல்லாம் மென்பொருள் திருப்பிச் சொல்வதை வைத்துத்தான் இயங்குகின்றன. கையால் தள்ளினால் வேலை செய்கிறது, தானாக அசையவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் அவுட்புட் காலியாக இருக்கும். கியூபேஸிலும் இதே கதைதான்: ஸ்டூடியோ செட்டப்பில் மேக்கி கன்ட்ரோலைச் சேர்த்து, இன்புட், அவுட்புட் இரண்டையும் காட்ட வேண்டும்.

இரண்டாவது சிக்கல் மறுநாள் வந்தது. இது இன்னும் விசித்திரம்.

ஒரு பஜனைப் பதிவுக்குத் தம்புராவை மிடியில் வைத்திருந்தேன். அந்த ட்ராக் ரெக்கார்டுக்குத் தயாராக, சிவப்பு விளக்கோடு இருந்தது. முதல் ஃபேடரில் விரலை வைத்ததும் தம்புராவுக்கு நடுவே எங்கோ உச்சியில் 'கீச்' என்று ஒரு ஸ்வரம். ஃபேடரை மெல்லக் கீழே இறக்கினேன். சுருதி வழுக்கிக்கொண்டு கீழே போனது. ஏற்றினேன், சுருதியும் ஏறியது. பிளே பொத்தானை அழுத்தினால் அதற்கும் ஒரு ஸ்வரம். ஸ்டாப்புக்கு அதைவிட அரை ஸ்வரம் கீழே. சுருதி அசைவதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும் எனக்கு. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

காரணம் தெரிந்த பிறகு அதில் ஒரு அழகும் தெரிந்தது. மேக்கி முறை புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. மிடியில் ஏற்கெனவே இருந்த செய்திகளையே எடுத்து வேறு வேலைக்கு வைத்துக்கொண்டது. பொத்தான்கள் எல்லாம் ஸ்வரச் செய்திகள். பிளே 94ஆம் எண் ஸ்வரம், ஸ்டாப் 93, ரெக்கார்டு 95. முதல் ஃபேடரை விரல் தொட்டால் 104. ஃபேடரின் நகர்வோ பிட்ச் பெண்ட் செய்தி, கீபோர்டின் ஓரத்தில் சுருதியை வளைக்கும் சக்கரம் அனுப்புமே அதே செய்தி. சாதாரண மிடி கன்ட்ரோலர் செய்தியில் 128 படிகள்தான் உண்டு. வால்யூமை அதில் ஏற்றினால் மாடிப்படி ஏறுவது மாதிரி கேட்கும். பிட்ச் பெண்டில் 16,384 படிகள். அதனால்தான் ஃபேடருக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். என் தம்புராவுக்கு இந்த ஒப்பந்தம் எதுவும் தெரியாது. வந்த செய்தியை வந்தபடி எடுத்துக்கொண்டு வளைந்தது.

தீர்வு ஒரு டிக் சமாச்சாரம். ரீப்பரின் பிரிஃபரன்ஸஸில் மிடி சாதனங்களின் பட்டியலுக்குப் போய், எக்ஸ்-டச் இன்புட்டை அணைத்துவிட வேண்டும். கன்ட்ரோல் பகுதியில் கொடுத்தது கொடுத்தபடி இருக்கட்டும், அது தனி வழியில் வேலை செய்யும். ட்ராக்குகளுக்கு மட்டும் போகாது. கியூபேஸில் மிடி போர்ட் பட்டியலில் 'ஆல் மிடி இன்புட்ஸ்' என்ற கட்டத்தில் எக்ஸ்-டச்சுக்கு நேராக உள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், என்றைக்கோ ஒருநாள் ஃபேடரைத் தொட்டது நாதஸ்வர சாம்பிள் ட்ராக்கில் பதிவாகி, யார் வாசித்த பிசிறு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, இணைத்தாயிற்று. அப்புறம் பெயர்கள்.

என் டெம்ப்ளேட்டில் ட்ராக் பெயர்கள் எல்லாம் தமிழில்தான் இருக்கும். குரல், பின்பாட்டு, வயலின், வலந்தலை, தொப்பி (இவை இரண்டும் மிருதங்கத்தின் இரு முகங்கள்), கடம், தம்புரா, அரங்கம். பெட்டியின் குட்டித் திரையில் அவை குப்பை எழுத்துகளாக வந்தன. மேக்கி முறையில் ஒரு சேனலுக்கு ஏழு எழுத்து, அதுவும் அடிப்படை ஆங்கில எழுத்து. தமிழுக்கு அங்கே இடமே இல்லை. எந்தக் கம்பெனிப் பெட்டி வாங்கினாலும் இந்த முறையில் பேசினால் இதே கதிதான். அந்தக் காலத்தில் அப்படி வகுத்துவிட்டார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தம். வலந்தலையையும் தொப்பியையும் ஆங்கிலச் சுருக்கத்தில் எழுதினால் எது எது என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது, அந்த ஒரு கணத்தில் பாட்டு நகர்ந்துவிடுகிறது.

கடைசியில் பெரிய ஸ்டூடியோக்களில் காலங்காலமாகச் செய்வதையே செய்தேன். ஃபேடர்களுக்குக் கீழே ஒரு நீள மாஸ்கிங் டேப், அதன் மேல் கறுப்பு மார்க்கரால் தமிழில் பெயர்கள். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: முதல் எட்டு ட்ராக்குகளின் வரிசை எந்த வாய்ப்பாட்டுக் கச்சேரியிலும் மாறக்கூடாது. கஞ்சிரா, மோர்சிங், மேடைக்கு மேல் தொங்கவிட்ட மைக் எல்லாம் ஒன்பதுக்குப் பிறகு. அவை வேண்டும்போது பேங்க் பொத்தானை அழுத்தினால் எட்டெட்டாகத் தாவும். சேனல் பொத்தான் ஒவ்வொன்றாக நகர்த்தும். சேனல் பொத்தானை நான் தொடுவதே இல்லை. ஒரு தடவை தெரியாமல் பட்டு எல்லாம் ஒரு இடம் தள்ளிப் போய், குரல் என்று நினைத்துப் பின்பாட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ஒழுங்கு வந்ததும் கை தானாகப் பழகிவிட்டது. இரண்டாவது மாதத்தில் டேப்பைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

இப்போது இதை எதற்கு வாங்கினேனோ அந்த வேலை. ரீப்பரில் ட்ராக்கை டச் முறைக்கு மாற்றிவிட்டுப் பிளே கொடுத்தால், ஃபேடரில் விரல் பட்டிருக்கும் நேரம் மட்டும் நம் நகர்வு எழுதப்படும். விரலை எடுத்ததும் பழைய கோட்டுக்கே ஃபேடர் திரும்பிப் போகும். லேட்ச் என்றால் விரலை எடுத்தாலும், ஓட்டத்தை நிறுத்தும்வரை விட்ட இடத்திலேயே நிற்கும். ஆலாபனைக்கு டச். தனி ஆவர்த்தனம் தொடங்கும் இடத்தில் அரங்க மைக்கை ஏற்றி வைக்க லேட்ச்.

முதன்முதலில் செய்தது ஒரு கல்யாணி ஆலாபனை. இடது கை குரலில், வலது கை வயலினில். பாடகர் தார ஸ்தாயியில் நின்று விரிக்கும்போது குரலை ஒரு நூல் இறக்கினேன். அவர் விட்ட இடத்தை வயலின் எடுக்கும்போது குரலின் மூச்சு கேட்காதபடி இன்னும் கொஞ்சம் இறக்கி, வயலினை மெல்ல மேலே கொண்டுவந்தேன். வயலின் முடித்து வில்லை எடுப்பதற்கு முன்பே குரல் பழைய இடத்தில் காத்திருந்தது. மேடையில் அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டதையே என் இரண்டு கையும் செய்தன. பதினெட்டு நிமிஷ ஆலாபனை, பதினெட்டு நிமிஷத்தில் முடிந்தது. திருத்தியது நான்கு இடம். முன்பெல்லாம் கோட்டைப் பார்த்துக்கொண்டே மிக்ஸ் செய்வேன். அன்றைக்குத் திரையை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே செய்தேன்.

பிறகு முதலிலிருந்து ஓடவிட்டேன். நான் செய்ததையெல்லாம் ஃபேடர்கள் தாமாகச் செய்து காட்டின. குரல் இறங்குகிறது, வயலின் ஏறுகிறது, யாரும் தொடவில்லை. மோட்டார் எதற்கு, அதற்கு ஏன் அவ்வளவு காசு என்று கேட்கிறவர்களுக்கு அந்தக் காட்சிதான் பதில். மோட்டார் இல்லாத ஃபேடரில் நேற்று எழுதிய இடத்தை இன்றைக்குத் தொட்டால், ஃபேடர் ஒரு இடத்திலும் கோடு வேறு இடத்திலும் இருக்கும். தொட்ட கணத்தில் வால்யூம் குதிக்கும். மோட்டார் இருந்தால் தொடுவதற்கு முன்பே ஃபேடர் கோட்டின் மேல் நிற்கிறது. எங்கே கை வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

எட்டு எதற்கு, ஒரே ஃபேடர் உள்ள எக்ஸ்-டச் ஒன் போதாதா என்றும் கேட்கிறார்கள். சினிமாப் பாட்டு டிராக், குறும்பட டப்பிங் என்றால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடப் போகிறோம். கச்சேரிக்குப் போதாது. குரலும் வயலினும் பேசிக்கொள்ளும் இசை இது. ஒன்றை எழுதிவிட்டு அப்புறம் மற்றதை எழுதினால் பேச்சு ஒட்டாது. வலந்தலையும் தொப்பியும் அப்படித்தான்.

தொப்பி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆடி மாதம் ஒரு மிருதங்க வித்வான், எழுபது வயதைத் தாண்டியவர், தன் கச்சேரியின் மிக்ஸைக் கேட்க மாடி ஏறி வந்தார். தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருந்தது. தொப்பி ஃபேடர் தானாக அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏம்மா, இத நான் தொடலாமா?" என்றார். டச் முறையில் போட்டுவிட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். நடு விரலை மேலே வைத்தார். மோட்டார் அவருக்கு விட்டுக்கொடுத்து நின்றது. கோர்வைக்கு முன்னால் ஒரு கும்கி, தொப்பியில் வளைந்து வரும் அடிநாதம், வரும் இடத்தில் கால் அங்குலம் ஏற்றினார். உடனே இறக்கினார். "இங்கதான் கொஞ்சம் குடுக்கணும். மத்த இடத்துல நீ வச்சதே சரி" என்றார். அந்தக் கால் அங்குலம் இன்றும் அந்தப் பதிவில் இருக்கிறது. மவுஸைக் கொடுத்திருந்தால் அவர் கை வைத்தே இருக்க மாட்டார்.

விரல் என்று சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. ஃபேடர் நம்மைத் தொட்டு அறிவது தோலின் வழியாக. நகத்தால் தள்ளினாலோ, கையுறை போட்டிருந்தாலோ அதற்குத் தெரியாது. தெரியாவிட்டால் மோட்டார் எதிர்த்துத் தள்ளும், எழுதுவதும் நடக்காது. விரலின் சதை பட வேண்டும். ரீப்பரின் மேக்கி அமைப்பில் தொடு உணர்வு இல்லாத பெட்டிகளுக்கென்று ஒரு டிக் இருக்கிறது. எக்ஸ்-டச்சுக்கு அதைப் போட வேண்டாம். அதற்குப் பக்கத்திலேயே எஃப்1 முதல் எஃப்8 வரை உள்ள பொத்தான்களை மார்க்கர்களுக்குக் கொடுக்கும் டிக் இருக்கும். அதைக் கட்டாயம் போடுங்கள். கச்சேரியில் வர்ணம், முதல் கிருதி, பிரதான உருப்படி, தனி, துக்கடா என்று மார்க்கர் வைத்துக்கொண்டால் ஒரு பொத்தானில் அங்கே போய் நிற்கலாம். எனக்கு ஃபேடருக்கு அடுத்து அதிகம் உழைப்பது இந்த எட்டுப் பொத்தான்கள்தான்.

ரீப்பரோடு கூடவே வரும் மேக்கி வசதி அடிப்படையானது. ஃபேடர், பான், மியூட், சோலோ, ரெக்கார்டு, ஓட்டம், நிறுத்தம். ஒலியின் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்யும் ஈக்யூவைக் குமிழில் கொண்டுவர வேண்டும், திரையின் வண்ணம் ட்ராக்கின் வண்ணத்தோடு மாற வேண்டும் என்றால் சிஎஸ்ஐ என்ற இலவசக் கூடுதல் மென்பொருளைப் போட வேண்டும். எந்தப் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று நாமே எழுத்துக் கோப்பில் எழுதிக்கொள்ளலாம். எனக்கு மூன்று ராத்திரி பிடித்தது. போட்ட பிறகு குரல் சிவப்பு, வயலின் பச்சை, தாள வாத்தியங்கள் மஞ்சள் என்று ஓரக்கண்ணிலேயே தெரிகிறது. ஆனால் முதல் மாதமே அதில் இறங்க வேண்டாம் என்பேன். எது வேண்டும் என்பது கைக்குத் தெரிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

தொந்தரவுகளையும் சொல்ல வேண்டும். மோட்டார் ஃபேடர் எதுவானாலும் சத்தம் போடும். எட்டும் சேர்ந்து அசையும்போது மூடிய அறையில் நன்றாகவே கேட்கும். என்னைப் போல் ஒரே அறையில் மைக்கும் மிக்ஸிங் மேசையும் வைத்திருப்பவர்கள் குரல் பதியும்போது இதை அணைத்துவிட வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் ரீப்பருக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். கரண்ட் போனாலும் இதே கதை: கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் உயிரோடு இருக்கும், பெட்டி மட்டும் போய் வரும். ரீப்பரை மூடித் திறக்க வேண்டியதில்லை. ஆக்‌ஷன் பட்டியலில் மிடி சாதனங்களை ரீசெட் செய்யும் கட்டளை இருக்கிறது. அதை ஒரு ஷார்ட்கட் விசைக்குக் கொடுத்து வைத்திருக்கிறேன். பெட்டியையும் இப்போது யூபிஎஸ்ஸிலேயே மாட்டிவிட்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு மேசையைத் துடைத்தபோது தம்பி யூஎஸ்பி ஒயரை வேறு ஓட்டையில் செருகிவிட்டான். விண்டோஸ் அதை வேறு சாதனமாக நினைத்துப் புதுப் பெயரில் காட்டியது. ரீப்பர் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. பழைய ஓட்டைக்கு மாற்றியதும் சரியாயிற்று. அன்றைக்கே அந்த ஓட்டைக்கு மேல் சின்னதாகச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டோம். அதேபோல் இடையில் மலிவான யூஎஸ்பி ஹப் எதையும் வைக்காதீர்கள். நான் வைத்திருந்த ஒன்று அடிக்கடி இணைப்பைத் துண்டித்தது, நேராகக் கம்ப்யூட்டரில் செருகிய பிறகு ஒரு தடவைகூட அப்படி ஆகவில்லை.

தூசிக்கு ஒரு பருத்தித் துணி. ஃபேடர் ஓடும் பிளவில் தூசி இறங்கினால் சரிசெய்வது கஷ்டம். மாடி அறை, காவிரிக் காற்று, ஜன்னல் திறந்தே இருக்கும் வீடு; வேலை முடிந்ததும் மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

யார் வாங்க வேண்டாம் என்றும் சொல்கிறேன். பீட் கட்டி, லூப் அடுக்கி வேலை செய்கிறவர்களுக்கு இது மேசையை அடைக்கும் பொருள். அவர்களுக்கு நல்ல கீபோர்டும் பேடும் போதும். பணம் கம்மியாக இருந்து, அறையும் ஸ்பீக்கரும் இன்னும் சரியாகவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ரீப்பரின் தள்ளுபடி உரிமம் 60 டாலர்தான்; அதைக்கூட வாங்காமல் சோதனைக் காலத்திலேயே ஓட்டிக்கொண்டு பெட்டியை வாங்காதீர்கள். மனிதர் பாடி, மனிதர் வாசித்து, நீளமாக ஓடும் இசையை மிக்ஸ் செய்கிறவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். கடையில் பார்க்கும்போது ப்ரீசோனஸ் ஃபேடர்போர்ட் 8 இருந்தால் அதையும் தொட்டுப் பாருங்கள், அதிலும் எட்டு மோட்டார் ஃபேடர்தான். விரலுக்கு எது ஒத்துவருகிறதோ அது.

என் மணிக்கட்டு இப்போது வலிப்பதில்லை. அடுத்த வாரம் ஒரு கோயில் உற்சவத்தில் நாதஸ்வரக் கச்சேரி பதியப் போகிறேன். வலந்தலை, தொப்பி எழுதிய டேப்பை நேற்று உரித்துவிட்டு, தம்பி புது டேப் ஒட்டியிருக்கிறான். நாயனம் 1, நாயனம் 2, தவில் வலம், தவில் இடம், இன்னொரு தவிலுக்கும் அதே இரண்டு, தாளம், சுருதிப்பெட்டி. எட்டு ஃபேடருக்கும் கணக்குச் சரியாக இருக்கிறது.